யாராவது உம் கொட்டும்வரை

என் கையால் டைப் பண்ணி, என் கையாலேயே அனுப்பிய மெசேஜ் அது. இப்போது எடுத்துப் படித்தாலும் கூச்சமாக இருக்கிறது.

"எல்லாருக்கும் வணக்கம். பிப்ரவரி கடைசி ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு எங்க கச்சேரி. தயவுசெஞ்சு நடுவுல யாரும் கை தட்டாதீங்க. தொடையில தாளம் போடாதீங்க. ஆஹா, பலே எதுவும் வேண்டாம். முறுக்கு பாக்கெட் பிரிக்காதீங்க. ஒரு சின்ன சத்தம்கூட வரக்கூடாது, ப்ளீஸ்." கீழே கும்பிடும் கைப் படம் மூன்று.

சான் ஹோசேயில் எங்கள் ஆறு குடும்பங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. பொங்கல் பாட்லக்குக்கு யார் என்ன கொண்டுவருவது, யார் ஊருக்குப் போகிறார்கள், யார் வீட்டில் கிரைண்டர் ரிப்பேர், எல்லாம் அதில்தான். இங்கே யார் பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதினால் மறுநாளே அதே குரூப்பில் பஞ்சாயத்து வைப்பார்கள்.

அப்படி ஒரு மெசேஜை அனுப்பியதற்குக் காரணம் டிசம்பரில் நடந்த கூத்து. நான் வயோலா வாசிக்கிறேன். வயலினைவிடக் கொஞ்சம் பெரிசு, குரலும் கொஞ்சம் கனம். டிசம்பர் கச்சேரியில் நாங்கள் நாலு பேர் மெதுவான ஒரு பகுதியை வாசித்துவிட்டு, அடுத்ததைத் தொடங்குவதற்காக வில்லைத் தூக்கியபடி காத்திருந்தோம். எங்கள் வரிசையிலிருந்து ஒருவர் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கை தட்டினார். அவரைப் பார்த்து மொத்த வரிசையும் தட்டியது. ஒருவர் பின்பாட்டு மாதிரி "சூப்பர்" என்று வேறு சொன்னார். முன்வரிசையில் இருந்த வெள்ளைக்கார அம்மாள் திரும்பி ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், மேடையிலிருந்த எனக்கு மானம் கப்பலேறியது. என் வீட்டுக்காரர் மட்டும் அன்றைக்கு ஒரு தப்பும் செய்யவில்லை. அவர் தூங்கிப்போயிருந்தார்.

வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் எதைச் சொன்னாலும் "ம்" என்பார். லேப்டாப்பிலிருந்து கண் நகராது, கை நகராது, வாயிலிருந்து மட்டும் "ம்" வரும். ஒருநாள் வெறுத்துப்போய், ஃப்ரிட்ஜுக்குள் ஒரு யானை உட்கார்ந்திருக்கிறது என்றேன். "ம்" என்றார். மோர்க்குழம்பு முழுவதையும் குடித்துவிட்டது என்றேன். அதற்கும் "ம்". இப்போது கதவைத் திறந்தால் உங்கள் மேல்தான் விழும் என்று கத்தினேன். அப்போதுதான் நிமிர்ந்து, "என்னம்மா, ஏதாவது சொன்னியா?" என்றார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் எங்கள் சண்டைகளில் பாதி இந்த ஒற்றை எழுத்தால் வந்தவை. சும்மா உம் கொட்டாதீங்க, கேட்டால் கேளுங்க, இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டிருங்க என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். அதற்கும் அவர் சொல்வது அதே பதில்தான்.

எனக்கு வயோலா வந்தது மகளால். சென்னையில் சின்ன வயதில் கர்நாடக வயலின் ஏழு வருஷம் கற்றேன். பிறகு என்ஜினீயரிங், கல்யாணம், விசா, பிள்ளை, அதோடு சரி. இங்கே மகள் மிடில் ஸ்கூல் ஆர்க்கெஸ்ட்ராவில் வயோலா எடுத்தாள், ஒன்றரை வருஷத்தில் "ஐ'ம் டன், அம்மா" என்று வைத்துவிட்டாள். பெட்டி க்ளோசெட்டில் கிடந்தது. ஒருநாள் துடைத்து வைக்கலாம் என்று எடுத்தவள், அப்படியே உட்கார்ந்து ஒரு வர்ணத்தை வாசித்துப் பார்த்தேன். கண்றாவியாக இருந்தது. ஆனால் சாயங்காலம் வரை கீழே வைக்க மனசு வரவில்லை. அப்புறம் கம்யூனிட்டி மியூசிக் சென்டர், பெரியவர்களுக்கான வகுப்பு, கடைசியில் இந்த நாலு பேர் குழு. முதல் வயலின் ஒரு ரிட்டயர்டு பல் டாக்டர் அம்மாள். இரண்டாவது வயலின் என் பழைய ஆபீஸ் தோழி. தரையில் ஊன்றி வாசிக்கும் செல்லோ, முப்பது வருஷம் வீடு வீடாகத் தபால் போட்டவர். பெரிய ஆர்க்கெஸ்ட்ரா கிடையாது, முன்னால் நின்று கையை ஆட்டுபவரும் கிடையாது. நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே வாசிக்க வேண்டும். சேம்பர் மியூசிக் என்பது அவ்வளவுதான்.

எங்கள் சென்டரில் ஒரு வழக்கம். வருஷத்துக்கு ஒரு முறையாவது, உயிரோடு இருக்கும் ஒருவர் எழுதிய இசையை வாசிக்க வேண்டும். இந்தத் தடவை ஒரு பூர்வகுடிப் பெண் எழுதியது எங்கள் கைக்கு வந்தது. இங்கிருந்து வடக்கே ஆறு மணி நேரம் டிரைவ் பண்ணினால் வரும் ஒரு ஆற்றங்கரை அவருடைய ஊர். அவருடைய ஜனங்கள் கலிஃபோர்னியா என்ற பெயர் வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பிருந்தே அங்கே இருப்பவர்கள். இசையமைப்பாளரே ஒத்திகைக்கு வருகிறார் என்று நான் குரூப்பில் பெருமையாகப் போட்டேன். எந்தப் படத்துக்கு மியூசிக் போட்டிருக்காங்க என்று உடனே பதில் வந்தது.

முதல் ஒத்திகைக்கு அவர் ஒரு டோனட் டப்பாவோடு வந்தார். என் வயதுதான் இருக்கும். ஃப்ளீஸ் ஜாக்கெட், நரைத்த ஒற்றைப் பின்னல், சேறு காயாத பூட்ஸ். எங்கள் தபால்காரர் தயங்கித் தயங்கி, இதில் டிரம், புல்லாங்குழல் எல்லாம் வராதா என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான் என்றார். அவர் அப்பா மலையிலிருந்து மரம் ஏற்றிவரும் லாரி ஓட்டியவர். வீட்டில் டிரம் சத்தத்தைவிட, அந்த லாரி மேட்டில் கியர் மாற்றும் சத்தத்தைத்தான் அதிகம் கேட்டு வளர்ந்தாராம். "அது உங்க செல்லோல இருக்கு, ரெண்டாம் பக்கம். நல்லா முக்கி முனகி ஏறணும்" என்றார். அவர் பேசியது இங்கிலீஷ்தான். என் காதில் விழுந்த மாதிரி தமிழில் எழுதுகிறேன்.

தொடக்கமே என் வயோலா. மற்ற மூவரும் சும்மா இருக்க, நான் தனியாகப் பேசுவது போல ஒரு நீண்ட வரி. என் பழைய கர்நாடகக் கை சும்மா இருக்குமா? ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போய்விட்டது. பல் டாக்டர் அம்மாளுக்கு இது எப்போதும் பிடிக்காது, புருவத்தைத் தூக்கினார். இசையமைப்பாளரோ, அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், பேசும்போது யாரும் எழுத்து எழுத்தாகப் பேசுவதில்லை என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வயோலாவை எடுத்த நாளிலிருந்து நான் ஒளித்துவைத்த பழக்கத்தை முதல் தடவையாக ஒருவர் வேண்டும் என்கிறார்.

அந்த வரி முடிகிற இடத்தில் தாளில் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாராவது பதில் சொல்லும்வரை காத்திருக்கவும். நாலு மூச்சு. பதில் வராவிட்டால் எழுந்து போய்விடவும்.

நாங்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எழுந்து போவதா? பாதியிலா? அப்போதுதான் அவர் அந்தக் கதையைச் சொன்னார்.

அவர் ஊரில் கதை சொல்வது மழைக்காலத்தில்தான். மழை பிடித்துக்கொண்டால் ரோடு அடைத்துவிடும், அப்பா லாரி எடுக்க முடியாது, கரண்டும் இருக்காது. அடுப்பைச் சுற்றிப் பிள்ளைகள் படுத்துக்கொள்வார்கள், அப்பா கதை சொல்வார். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்துவார். யாராவது ஒரு பிள்ளை குரல் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் அடுத்த வாக்கியம். எல்லாரும் தூங்கிவிட்டார்கள் என்று தெரிந்தால் அந்த இடத்தோடு நிறுத்திவிடுவார், மிச்சம் இன்னொரு மழைக்கு. "ஒரு கதை மட்டும், ரொம்ப நீளம். ஒவ்வொரு தடவையும் நான் தூங்கிடுவேன். எனக்கு அப்புறம் யாரும் முழிச்சிருக்க மாட்டாங்க. அப்பா போயிட்டார். அதோட முடிவு எனக்குத் தெரியாது" என்றார்.

அந்தக் கதையை அவர் இசையில் வைக்கவில்லை. அது வீட்டுக்குச் சொந்தமான கதை, வெளியே தூக்கிக் கொடுக்க முடியாது என்று தெளிவாகவே சொன்னார். அப்பா மூச்சு விட நிறுத்திய இடங்கள், லாரி, அடுப்பு, கூரை மேல் மழை, இவ்வளவுதான் இதில் இருக்கிறது. கடைசி ஏழு நிமிஷம் அவருடைய சொந்த யூகம், அப்பா எப்படி முடித்திருப்பார் என்று. அந்த ஏழு நிமிஷத்தை எந்த ஜனமும் கேட்டு வாங்கியதில்லை. ஏற்கெனவே இரண்டு ஊர்களில் வேறு குழுக்கள் இதை வாசித்திருக்கின்றன. முதல் ஊரில் பதில் வரவில்லை, வாசித்தவர்கள் எழுந்து போனார்கள், ஜனங்கள் குழம்பிப்போய்க் கை தட்டினார்கள். இரண்டாவது ஊரில் வாசித்தவர்கள் பாவம் பார்த்து, பதில் வராமலே கடைசி வரை வாசித்துவிட்டார்கள். அது தூங்குகிற பிள்ளைகளுக்குக் கதை சொன்ன மாதிரி இருந்தது என்றார். இந்தத் தடவையும் வராவிட்டால் அந்தக் குறிப்பையும் காத்திருக்கும் இடங்களையும் எடுத்துவிட்டு, எல்லாரும் எழுதுவதுபோலவே நாலு பேர் வாசிக்கும் ஒரு சாதாரண குவார்ட்டெட்டாக மாற்றிவிடப் போவதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது ஒரு டோனட்டை இரண்டாகப் பிய்த்தார், சாப்பிடவில்லை.

நிகழ்ச்சித் தாளில் ஒரு வரி அச்சடித்துவிட்டால் போச்சு, எல்லாரும் பதில் சொல்வார்களே என்று என் தோழி கேட்டாள். "சொல்லிக் குடுத்தா ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி சொல்லுவாங்க. எனக்கு அது வேண்டாம். கேட்டவங்க சொல்லணும்" என்றார். யாரிடமும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்று எங்கள் நாலு பேரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டார்.

எனக்கு அப்போது வாய் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊரிலும் இதே வழக்கம் உண்டு, கதை கேட்பவர் உம் கொட்ட வேண்டும், கொட்டாவிட்டால் சொல்பவர் கோபித்துக்கொண்டு நிறுத்திவிடுவார் என்றேன். என் மகளுக்குச் சாதம் ஊட்டும்போது நானே அப்படித்தான், அவள் வாய் நிறையச் சோற்றோடு உம் என்றால்தான் நரி அடுத்த அடி வைக்கும். அவர் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். சொல்லிக் காட்டினேன். உதட்டைப் பிரிக்காமல், மூக்கால், கீழே இறங்குகிற மாதிரி. அவர் அவர்களுடையதைச் சொல்லிக் காட்டினார். அது வேறு சத்தம். என் வீட்டுக்காரர் இதை நாள் முழுக்கச் செய்வார், ஆனால் ஒரு வார்த்தை கேட்க மாட்டார் என்று யானைக் கதையையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கேட்டார்.

"உங்க ஆளுங்க கச்சேரிக்கு வர்றாங்களா?"

"பதினாலு பேர்" என்றேன்.

"அப்ப இந்தத் தடவை முடிவு வரைக்கும் போயிடும்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

அந்தக் கணம்தான் என் மெசேஜ் ஞாபகம் வந்தது. சான் ஹோசேயிலேயே உம் கொட்டத் தெரிந்த ஒரே கூட்டத்தின் வாயை, நான் மூன்று கும்பிடு போட்டு அடைத்து வைத்திருக்கிறேன். டோனட் நன்றாக இருக்கிறது என்றேன்.

வீட்டுக்கு வந்து குரூப்பைத் திறந்தால், என் மெசேஜுக்குக் கீழே பதினொரு கட்டைவிரல்கள். அழிக்கலாம் என்றால் எல்லாரும் படித்தாயிற்று. அதற்கு நேர்மாறாக எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பார்கள், வாக்கு கொடுத்திருக்கிறேன். ரொம்ப யோசித்து, "ரிலாக்ஸா வாங்க, நம்ம வீட்டுக் கச்சேரி மாதிரி" என்று ஒரு வரி போட்டேன். குரூப்பில் எல்லாரும் ஆண்ட்டி என்று கூப்பிடும் ஒருவர் உண்டு, எங்களில் மூத்தவர், எந்த விசேஷத்தையும் தன் தோளில் போட்டுக்கொண்டு செய்பவர். அவர் உடனே, "நீ கவலையே படாதே. நாங்க மூச்சே விட மாட்டோம். நான் பாத்துக்கறேன்" என்று எழுதினார். அதற்கும் கட்டைவிரல்கள் குவிந்தன. தலையில் அடித்துக்கொண்டேன்.

வீட்டுக்காரரிடமாவது சொல்லிவிடலாமா என்று நாலைந்து தடவை வாய் வரை வந்தது. சொன்னால் அந்தப் பெண் கேட்ட பதிலாக அது இருக்காது. அதோடு, இவர் காதில் விழுந்தால்தானே என்ற கோபமும் இருந்தது. கச்சேரியன்று காலை இட்லித் தட்டை வைத்துவிட்டு, மூணு மணிக்கு, மறந்துவிடாதீர்கள், தூங்கிவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். "ம்" என்றார்.

பிப்ரவரி மாதம். மழை விட்டு, ஃப்ரீவேயின் இரண்டு பக்கமும் மலைகள் பச்சையாக இருந்தன. கச்சேரி ஒரு சர்ச்சின் ஹாலில். மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் தந்தியை முறுக்கிக்கொண்டிருந்தபோது இசையமைப்பாளர் உள்ளே வந்தார். என்னால் அதற்கு மேல் மூடி வைக்க முடியவில்லை. போனை எடுத்து, அந்த மெசேஜைக் காட்டி, ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் சொன்னேன். முறுக்கு பாக்கெட் உட்பட. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உங்களுக்குச் சரியான துரோகம் செய்துவிட்டேன் என்றேன்.

அவர் என் வில்லை எடுத்து, ரோஸின் பிசினைத் தேய்த்துக் கொடுத்தார்.

"நாலு மூச்சு. வரலைன்னா எந்திரிச்சு வந்துடுங்க. என் மேல பாவப்பட்டு மட்டும் வாசிக்காதீங்க" என்றார். கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மேடைக்கு வந்து பார்த்தேன். மூன்றாவது வரிசையில் எங்கள் பதினாலு பேரும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைப்பாக. ஆண்ட்டி ஓரத்தில் உட்கார்ந்து, வாயில் விரலை வைத்து வரிசை முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தார். வீட்டுக்காரர் நடுவில். கையில் போன் இல்லை. சட்டையைக்கூட அயர்ன் பண்ணிப் போட்டிருந்தார்.

நான் தொடங்கினேன். மழைபிடித்த ஒரு வீட்டில் ஒருவர் பேசத் தொடங்குகிறார், அவ்வளவுதான் மனசில் வைத்துக்கொண்டேன். வழுக்க வேண்டிய இடத்தில் வழுக்கினேன். கேள்வி மாதிரி மேலே போய், பாதி இறங்கி, அங்கே நிற்கும் அந்த வரி. நிறுத்தினேன். வில்லைத் தந்தியிலிருந்து எடுத்தேன்.

முதல் மூச்சு. ஹீட்டர் ஓடும் சத்தம் மட்டும்.

இரண்டாவது மூச்சு. பின்னால் யாரோ இருமினார்கள். இருமல் பதில் இல்லை.

மூன்றாவது மூச்சில் எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் என் மேல்தான். இத்தனை ஜனங்கள், எல்லார் வாயிலும் கொழுக்கட்டை. நாலு பேர் நம்மை மதிக்க வேண்டும் என்று, நம் ஆட்கள் சத்தம் போடுகிறவர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்று, அவர்கள் பழக்கத்தையே வெட்கமாக்கிவிட்டேனே. கடைசி வரிசையில் அவர் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். தபால்காரர் செல்லோவைச் சாய்க்கத் தொடங்கினார், எழுந்திருப்பதற்கு. நான் நாலாவது மூச்சை இழுத்தேன்.

"ம்."

பெரிய சத்தம் இல்லை. உதடு பிரியாமல், மூக்கால், கீழே இறங்குகிற மாதிரி. ஆயிரம் பேர் நடுவில் கேட்டாலும் எனக்கு அந்த ம் தெரியும்.

ஆண்ட்டி முன்னால் சாய்ந்து அவரை முறைத்தார். பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் ஒரு இடி இடித்தார். என் வீட்டுக்காரர் குற்றவாளி போலத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வில்லைத் தந்தியில் வைத்தேன்.

அடுத்தது செல்லோவின் முறை. லாரி முக்கி முனகி மேடு ஏறி, உச்சியில் நின்றது. மறுபடி அமைதி. எங்கள் வரிசையில் வீட்டுக்காரர் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். இரண்டு மூச்சு போயிற்று. பின்னால் எங்கிருந்தோ ஒரு வயதான ஆண்குரல், "ம்ஹ்ம்" என்றது, அமெரிக்கர்கள் சொல்வது போல மேலே ஏறுகிற மாதிரி. அவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்றாவது முறை இரண்டாவது வயலின் கூரை மேல் விழும் மழையைச் சொல்லி நிறுத்தியபோது, ஒரு மூச்சுகூட ஆகவில்லை, "உம்" என்று கணீரென்று வந்தது. வேறு யார், ஆண்ட்டிதான். தலையை வேறு ஆட்டினார். நாலாவது முறை நாங்கள் நாலு பேரும் சேர்ந்து நிறுத்தினோம். அப்போது ஹாலில் அங்கங்கே ம், ம்ஹ்ம், யெஸ், ஒரு குழந்தை "ஓகே" என்றது. எல்லாரும் சிரித்தார்கள், உடனே அடங்கினார்கள்.

கடைசி ஏழு நிமிஷத்தை அப்போதுதான் வாசித்தோம். ஆர்ப்பாட்டமான முடிவு இல்லை. லாரி திரும்பி வருகிறது, அடுப்பில் கட்டை சரிகிறது, மழை மெல்ல விடுகிறது, கடைசியில் வயோலா மட்டும் தனியாக, முதல் வரியையே திரும்பச் சொல்கிறது. இந்தத் தடவை பாதியில் நிற்காமல் கீழே வரை இறங்குகிறது. நான் வாசித்ததிலேயே நன்றாக வாசித்தது அதுதான். அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை.

கைதட்டல் முடியும் முன்பே இசையமைப்பாளர் எழுந்து வந்தார். மேடைக்கு வரவில்லை. நேராக மூன்றாவது வரிசைக்குப் போனார். நான் வயோலாவைக் கையில் பிடித்தபடியே இறங்கி ஓடினேன். அதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார், வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், தெரியாமல் வந்துவிட்டது, என் மனைவி ஒழுங்காகத்தான் சொல்லி அனுப்பினாள் என்று. அந்தப் பெண், ஏன் அந்த இடத்தில் சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு அவரிடம் இங்கிலீஷில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"இவ எங்கிட்ட ஏதோ சொல்லிட்டு நிறுத்தின மாதிரி இருந்தது. நான் ஒண்ணும் சொல்லலைன்னா மேல சொல்ல மாட்டாளோன்னு பயமாயிடுச்சு. வீட்டுல நான் கேக்காமலே ம் சொல்லுவேன், அது இவளுக்கும் தெரியும். இன்னைக்குக் கேட்டுட்டுத்தான் சொன்னேன்."

போன தடவை தூங்கின மனுஷன் என்று ஆண்ட்டி பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. அந்தப் பெண் என் வீட்டுக்காரரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பா சொல்லும்போது நான் தூங்கிட்டேன். நீங்க முழிச்சிருந்தீங்க" என்றார். ஆண்ட்டி தன் கைப்பையிலிருந்து டிஷ்யூவையும், அதோடு பிரிக்காத ஒரு முறுக்கு பாக்கெட்டையும் எடுத்து நீட்டினார். அவர் இரண்டையும் வாங்கிக்கொண்டார். அந்தக் குறிப்பை எடுக்கப் போவதில்லை என்று கிளம்பும்போது எங்களிடம் சொன்னார்.

திரும்பும்போது வீட்டுக்காரர் கார் ஓட்டினார். எனக்கு எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட வேண்டும் போல இருந்தது. இனி வாக்கு ஒன்றும் இல்லையே. மெசேஜ் போட்டது, அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது, டோனட் நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னது, ஆண்ட்டி மூச்சே விட மாட்டோம் என்றது. ஒவ்வொன்றுக்கும் அவர் "ம்" என்றார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே, வழக்கமான அதே ம். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பழைய யானையை மறுபடி ஃப்ரிட்ஜில் உட்கார வைக்கலாமா என்றுகூடத் தோன்றியது. அதற்குப் பதிலாக, மூன்றாவது மூச்சில் எனக்கு ஆத்திரம் வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தவள், சட்டென்று வாக்கியத்தின் நடுவில் நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு மூச்சு. ரெண்டு.

"என்னம்மா நிறுத்திட்ட? மூணாவது மூச்சுல கோவம் வந்துதுன்ன, யார் மேலன்னு சொல்லலையே" என்றார்.

சொன்னேன். கொஞ்சம் அழுதுகொண்டேதான் சொன்னேன். முழுவதும் சொல்லி முடித்துவிட்டுப் பார்த்தால், ஃப்ரீவேயிலிருந்து நாங்கள் இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தாண்டி இரண்டு எக்ஸிட் வந்துவிட்டோம். பரவாயில்லை, அடுத்ததில் திரும்பிக்கொள்ளலாம் என்றார்.

நான் "ம்" என்றேன்.